பச்சையெல்லாம் காடில்லை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தை சௌக்கியமா என்று கேட்டது ஒரு வரி. வால்பாறையைக் காலி செய்யச் சொன்னது இரண்டு பக்கம். யானையின் வீட்டுக்குள் மனிதன் புகுந்துகொண்டு, யானை வந்துவிட்டது என்று கூப்பாடு போடுகிறான், பேசாமல் எல்லாரையும் கீழே இறக்கிவிட்டுக் காட்டைக் காட்டுக்கே விட்டுவிடக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். கேட்ட மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சின்ன வயசில் கோழிக்குஞ்சு செத்துப்போனதற்குச் சோறு வேண்டாம் என்று சுருண்டு கிடந்த பையன்தானே நீ. ஆனால் நீ சொல்லும் அந்த மனிதன் யார், அந்தக் காடு எது, இரண்டையும் விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டாய். அதனால் என் பதில் நீளும். உட்கார்ந்து படி.

முதலில் காட்டைப் பார்ப்போம். போன தடவை வந்தபோது எடுத்த படங்களை அனுப்பியிருந்தாயே, அதில் ஒன்றுக்குக் கீழே 'அடர்ந்த காட்டின் நடுவே' என்று எழுதியிருந்தாய். கண்ணு, அந்தப் படத்தில் இருப்பது அத்தனையும் தேயிலை. இடுப்பு உயரத்துக்குக் கவாத்து செய்து, வரிசை பிடித்து வளர்த்த தேயிலை. நடுநடுவே நெட்டையாக நிற்பது சில்வர் ஓக். நிழலுக்காக நட்டது, ஆஸ்திரேலிய மரம். அந்தச் சரிவில் வழவழவென்று வெளுத்த தண்டோடு நிற்பது தைலமரம். தேயிலை ஃபாக்டரி அடுப்புக்கு விறகு. அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். உன் படத்தில் இந்த மலைக்குச் சொந்தமான மரம் ஒன்றுகூட இல்லை.

வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரம். ஒரு காலத்தில் இது முழுக்க மழைக்காடு. இன்றைக்குப் பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஏலம். பழைய மழைக்காடு நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகளாக அங்கங்கே தோட்டங்களுக்கு நடுவில் தங்கிவிட்டது. சில துண்டு ஒரு ஹெக்டேர்கூட வராது, பெரியது முந்நூறு ஹெக்டேர் வரும். முழுக்காடு என்று சொல்லத்தக்கது இந்தத் தோட்டங்களைச் சுற்றி நிற்கிறது: இந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் வாழச்சாலும் பரம்பிக்குளமும். யானைக்கோ சோலைமந்திக்கோ இந்தத் துண்டுகளும் வேண்டும், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இருக்கும் தேயிலையைக் கடந்து போகவும் வேண்டும். வால்பாறையின் சங்கடம் மொத்தமும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

இனி மனிதன். முதலில் இங்கே இருந்தவர்கள் காடர்கள். முதுவர், மலைமலசர், புலையர், எரவாளர் என்று இன்னும் பல பழங்குடி மக்கள் ஆனைமலையில் உண்டு; ஆனால் இந்த மழைக்காட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, குங்கிலியம் சேகரித்து வாழ்ந்தவர்கள் காடர்கள். அவர்களும் நீ கீழே இறக்கச் சொல்கிற 'எல்லாரிலும்' சேர்ந்தவர்கள்தானே? எழுதும்போது அவர்கள் நினைவு உனக்கு வந்திருக்காது, வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாய். 2019 மழையில் கல்லாறு காடர் குடியிருப்பில் மண் சரிந்தது. அந்தக் குடும்பங்கள் பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டுக்கொள்ள இடம் கேட்டன. தாங்கள் பிறந்த காட்டுக்குள் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு மாறிக்கொள்வதற்கு அவர்கள் இரண்டு வருஷம் போராட வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் காலியாகக் கிடக்கும் தொழிலாளர் லைன் வீட்டில் போய் இருங்கள் என்றார்கள் அதிகாரிகள். காட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வீடு எதற்கு? கடைசியில் 2021-ல், வன உரிமைச் சட்டத்தின்படி இடம் கிடைத்தது. 'காட்டைக் காட்டுக்கே விடுவோம்' என்று நம்மைப் போன்றவர்கள் சுலபமாகச் சொல்லும்போது முதல் அடி விழுவது இவர்கள் மேல்தான். இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன், உன் மேல் இல்லை.

பிறகு வந்தது காப்பி. 1846-ல் ராமசாமி முதலியார் என்பவர் இங்கே காப்பி பயிரிட்டதாகப் பழைய பதிவு இருக்கிறது. 1864-ல் கர்நாடிக் காபி கம்பெனி வந்தது. நினைத்த லாபம் வரவில்லை, விற்றுவிட்டுப் போனது. காடு பெரிய அளவில் விழ ஆரம்பித்தது 1890-களிலிருந்து. கார்வர் மார்ஷ் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். ஆனைமலையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். வரும் வழியில் சிலை பார்த்திருப்பாய், பக்கத்தில் நின்று படமும் எடுத்திருப்பாய். மேலே வரும் மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம் என்ற இன்ஜினீயர் பெயரில் ஒரு காட்சி முனை இருக்கிறது. சரி, பெரிய வேலை செய்தவர்கள், இருக்கட்டும். அந்தப் பாதையில் கல் உடைத்தவர்களுக்கும், அட்டைக்கடியில் நின்று மரம் வெட்டியவர்களுக்கும் எந்த வளைவில் பெயர் இருக்கிறது? நாற்பது வளைவு இருக்கிறதே, ஒன்றையாவது கொடுத்திருக்கலாம்.

அவர்கள் திருநெல்வேலி, ராமநாதபுரம், சேலம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். வந்தார்கள் என்பதைவிடக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதுதான் சரி. ஆள் பிடிக்கும் கங்காணி ஊருக்குப் போய் முன்பணம் கொடுப்பான். மலையில் நல்ல வீடு, நல்ல கூலி என்பான். மேலே வந்து சேர்ந்த பிறகு அந்த முன்பணம் அடையாத கடனாகும். குளிரும் விடாத மழையும் மலேரியாவும் சேர்ந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோயின. இங்கே டாக்டராக வேலை பார்த்து, பிறகு தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டிய பி.எச். டேனியல் இதையெல்லாம் 1969-ல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார். 'பரதேசி' படம் பார்த்து அழுதேன் என்று ஒரு முறை சொன்னாயே, அது இந்த மலையின் கதைதான். அந்தப் படத்தில் நீ யாருக்காக அழுதாயோ, அவர்களுடைய பேரன் பேத்திகளைத்தான் இப்போது ஆக்கிரமிப்பாளர் என்று எழுதியிருக்கிறாய்.

மலேரியாவுக்குக் கொய்னா மருந்து வேண்டுமென்று அரசாங்கம் இங்கே சின்கோனா மரத் தோட்டமே போட்டது. இன்றைக்கும் அந்த இடத்துக்குச் சின்கோனா என்றுதான் பெயர், பஸ்ஸில் போர்டு போட்டுப் போகும். பின்னால் கொய்னாவுக்குத் தேவை குறைந்தது, அங்கேயும் தேயிலை வந்தது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ உருவானது. அதன் தோட்டங்களில் சின்கோனாவும் ஒன்று. ஒரு மலையிலிருந்து எடுத்து இன்னொரு மலையில் வைத்த மக்களை, இனிக் கீழே இறங்கு என்று யார் சொல்வது? எங்கே இறங்குவது?

'அத்தை, அதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு என்ன செய்வது அதைச் சொல்' என்று நீ முனகுவது இங்கே கேட்கிறது. சொல்கிறேன். நீ சொல்லாமலே ஜனங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2001 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியில் தொண்ணூற்றைந்தாயிரம் பேரை ஒட்டி இருந்தார்கள். 2011-ல் 70,859. பத்து வருஷத்தில் நாலில் ஒருவர் இல்லை. தேயிலை விலை விழுந்தது, கூலி ஏறவில்லை, பிள்ளைகள் படித்தார்கள், திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போனார்கள். போனவர்கள் விட்ட இடத்தில் காடு வந்ததா? வரவில்லை. கைவிட்ட தேயிலையில் உண்ணிச்செடிதான் வரும். அது ஆளுயரத்துக்கு மண்டினால் மழைக்காட்டு மரத்தின் நாற்று வெளிச்சமில்லாமல் உள்ளேயே சாகும். விதை விழ வேண்டும், அதைக் கொண்டுவர ஒரு பறவையோ விலங்கோ பக்கத்தில் இருக்க வேண்டும், களையை யாராவது வெட்டித் தள்ள வேண்டும். மனிதன் போய்விட்டால் காடு தானாக மூடிக்கொள்ளும் என்பது நீ செய்த பெரிய தப்பு. இந்த மலையில் காட்டைத் திருப்பிக் கொண்டுவர ஆள் வேண்டும்.

கூலிக்கு ஆள் இல்லாமல் போனதும் அசாம், ஜார்க்கண்ட், ஒடிசா என்று வடக்கே இருந்து குடும்பங்கள் வந்தன. கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமை நின்று கேட்டுப் பார், தமிழும் மலையாளமும் இந்தியும் இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பேச்சும் ஒன்றாகக் காய்கறி பேரம் பேசும். நூறு வருஷத்துக்கு முன்னால் கங்காணி கொண்டுவந்தது போலவே, இவர்களும் இந்த மலை எப்படிப்பட்டது என்று தெரியாமல் வந்தவர்கள். அதனால் என்ன ஆகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

தமிழ்த் தொழிலாளிக்கு இன்னொரு துக்கம். வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து இதே டிவிஷனில், இதே கொழுந்துக் காட்டில் இருந்தவர்களுக்குக் கீழே எந்த ஊரிலும் ஒரு முழம் நிலம் கிடையாது. கீழ்நாட்டு ஊர்ப்பெயரைச் சொல்வார்கள், அந்த ஊரில் அவர்களை அடையாளம் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். 2024-ல் மாஞ்சோலையில் கம்பெனி தோட்டத்தை மூடியபோது அந்த ஜனங்கள் பட்ட பாட்டைப் பேப்பரில் பார்த்திருப்பாய். காட்டுக்கு நல்லது என்று அன்றைக்கு எத்தனை பேர் சந்தோஷப்பட்டார்கள்! காட்டுக்கு நல்லதாகவே இருக்கட்டும். உழைத்த ஜனத்துக்கு ஒரு வீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அந்த நல்லதைச் செய்யக் கூடாதா?

உங்கப்பனிடம் ஒன்று கேள். தோப்புக்குப் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் - ஆழியாறு திட்ட வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? இங்கிருந்துதான். சின்னக்கல்லாற்றுப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் கொட்டுகிற மழை தமிழ்நாட்டிலேயே மிக அதிகமான மழைகளில் ஒன்று. அந்த மழை சேரும் நீராறு என்ற ஆற்றின் தண்ணீர் சோலையாறு அணைக்கு வந்து, பரம்பிக்குளம் போய், சுரங்கம் வழியாகத் தூணக்கடவு, சர்க்கார்பதி என்று இறங்கி, திருமூர்த்தி அணைக்கு வந்து உங்கள் வாய்க்காலில் விழுகிறது. மேற்கே ஓடிக் கடலுக்குப் போகவேண்டிய ஆறுகளைக் கிழக்கே திருப்பிய திட்டம் அது. அந்த அணைகளின் அடியில் மூழ்கியது காடு, இடம் பெயர்ந்தவர்கள் காடர்கள். உங்கள் தென்னைக்கு வருகிற தண்ணீரிலும் இந்தக் காட்டின் பங்கு இருக்கிறது என்று சொல்லத்தான் சொன்னேன், தண்ணீர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. பங்கு வாங்கியவர்கள் எல்லாரும் கீழே இருக்கிறோம், இலை பறித்தவர்களை மட்டும் 'இறங்கு' என்றால் நியாயமா, நீயே சொல்.

யானைக்கு வருவோம், உனக்கு அதுதானே வேண்டும். வருஷத்தில் நூறு யானை அளவுக்கு இந்தப் பீடபூமி வழியாக வந்து போகும். ஊருக்குள் யானை 'புகுந்துவிட்டது' என்று டி.வி.க்காரன் சொல்வான், நீயும் அப்படியே எழுதுகிறாய். அது நடுஆறு என்ற ஆற்றின் கரையோரமாக, நிழல் இருக்கும் பக்கமாக, ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. அதன் அம்மா காட்டிய வழி அது. வழியில் ரேஷன் கடையோ சத்துணவு மையமோ இருந்து, உள்ளே அரிசியும் பருப்பும் உப்பும் மணந்தால் கதவையும் சுவரையும் இடித்துவிடும். அது உண்மை. ஆனால் மனுஷன் செத்தது எப்படி என்று கணக்கெடுத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பக்கத்தில் யானை இருப்பது தெரியாமல் நேருக்கு நேர் எதிர்ப்பட்டவர்கள். பனியில், இருட்டில், கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் ரோட்டில் நடந்து வந்தவர்கள்.

அப்படியானால் தெரிவித்தால் போதுமே! இதைத்தான் இங்கே செய்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய ஆட்களும் யானைக் கூட்டத்தின் பின்னாலேயே அலைந்து, இன்று சாயங்காலம் கூட்டம் எங்கே நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஓடவிட்டார்கள். பிறகு அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி. பிறகு ரோட்டோரம் உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு. செல்போனிலிருந்து ஒரு அழைப்பு கொடுத்தால் விளக்கு எரியும். எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் இறங்காமல் அடுத்த ஸ்டாப்புக்குப் போவார், வேலைக்குக் கிளம்பியவர் நிற்பார். அந்த விளக்கைப் போடுவது அந்தந்த எஸ்டேட்டில் இருக்கும் சாதாரண ஜனங்கள். ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. உயிர்ச்சேதம் வெகுவாகக் குறைந்தது. மின்வேலியும் பட்டாசும் செய்யாத வேலையை ஒரு செய்தி செய்தது. யானையை எங்கேயும் விரட்டவில்லை, மனுஷனையும் எங்கேயும் இறக்கவில்லை.

'அப்போ எல்லாம் சரியாகிவிட்டதா?' என்று குதிக்காதே. சிறுத்தை விஷயத்தில் சரியாகவில்லை. தேயிலைப் புதருக்கு அடியில் சிறுத்தை படுத்திருக்கும், தாயும் குட்டியுமாகக்கூட. வளர்ப்பு நாயும் கோழி இறைச்சிக் கழிவும் அதை லைன் வீட்டுப் பக்கம் இழுக்கும். அண்மையில் சிறுத்தை தூக்கிப்போன குழந்தைகளில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்களின் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்திநேரத்தில் வாசலில் தனியாக விளையாடிய குழந்தைகள். எங்களுக்குப் பாட்டி சொல்லித் தெரியும், பொழுது சாய்ந்தால் குழந்தை உள்ளே என்று. அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சொன்னாலும் எந்தப் பாஷையில் சொன்னார்கள்? கூலிக்கு மட்டும் ஆளைக் கொண்டுவந்து, வாசலில் விளக்கும் பக்கத்தில் புதர் வெட்டிய இடமும் உள்ளேயே ஒரு கழிப்பறையும் கொடுக்காமல் விட்டால், அந்தச் சாவைச் சிறுத்தையின் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடலாமே என்பாய். மகாராஷ்டிரத்தில் ஜுன்னரில் அப்படித்தான் பிடித்துப் பிடித்து வேறு இடத்தில் விட்டார்கள். விட்ட இடங்களில் மனிதர் மேல் தாக்குதல் கூடியது. ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும், கண்ணு.

இப்போது உன்னைத் திட்டும் பகுதிக்கு வருகிறேன். புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் காரை நிறுத்திச் சோலைமந்திக்கு பிஸ்கட் கொடுத்தாயா இல்லையா? அதன் பிடரி மயிரைப் பார், எவ்வளவு அழகு என்று எழுதியிருந்தாயே, கையெட்டும் தூரத்தில் எப்படிப் பார்த்தாய்? மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. மரத்தின் மேலேயே வாழப் பிறந்தது; வெடிப்பலாவின் பழமும் பூவும் தின்று, கிளைவிட்டுக் கிளை தாவி, மண்ணில் கால் படாமல் போய்விடும். காடு துண்டாகிப்போய் நடுவில் ரோடு வந்ததால் கீழே இறங்கியது. ரோட்டைக் கடக்கையில் காரில் அடிபட்டுச் சாகிறது என்று, தீயணைப்பு வண்டியில் இருக்குமே அந்தக் கித்தான் குழாயைப் பின்னி மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே பாலம் கட்டி அதை ஏற்றிவிடுகிறவர்கள் ஒரு பக்கம், கீழே பிஸ்கட் காட்டி இறக்குகிற நீ ஒரு பக்கம். உன் பிரியத்தால் அது ரோட்டில் உட்காரப் பழகும், அடுத்த வளைவில் வேகமாக வருகிற வண்டிக்கு அந்தப் பிரியம் தெரியாது. இன்னொரு முறை செய்யாதே. நண்பர்களையும் செய்ய விடாதே. ஒன்பதாவது வளைவில் வரையாடு ரோட்டில் நின்றாலும் அதே சட்டம்தான்: வண்டியை மெதுவாக்கு, கண்ணாடியை ஏற்று, போய்க்கொண்டே இரு.

அடுத்தது உன் கம்பெனிக்காரர்கள் வந்து ஆயிரம் மரக்கன்று நடப்போகிறோம் என்பது. என்ன கன்று? வேம்பும் புங்கனும் பூவரசும் என்று எழுதியிருக்கிறாய். அவை நல்ல மரங்கள், உங்கள் ஊர் ரோட்டோரத்தில் நடுங்கள். இங்கே வேண்டியது நாங்கு, கருங்குங்கிலியம், வெடிப்பலா மாதிரி இந்த மழைக்கும் இந்த நிழலுக்கும் பழகிய மரங்கள். ஆனந்தகுமாரின் அதே அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் ஷங்கர் ராமனும் கால் நூற்றாண்டாக இந்த வேலையில் இருக்கிறார்கள். ரோட்டோரம் உதிர்ந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களை வளர்த்து, எஸ்டேட் கம்பெனிகளோடு பேசி, அவர்கள் நிலத்தில் சீரழிந்து கிடக்கும் காட்டுத் துண்டுகளில் உண்ணிச்செடியை வெட்டி நடுகிறார்கள். ஒரே இனத்தை வரிசையாக நடுவதில்லை, பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். நட்ட பிறகும் வருஷக்கணக்காகக் களை எடுக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிற வேலை இல்லை இது. இதே வேலையை இருவாச்சியும் செய்கிறது: பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்க, ஆண் மைல் கணக்கில் பறந்து பழம் கொண்டுவந்து ஊட்டும், அந்தப் பழத்தின் விதை போகிற வழியெல்லாம் விழும். அதற்கு உயரமான பழைய மரம் வேண்டும். தேயிலை நடுவில் காட்டு மரம் ஒன்றிரண்டு விட்டு வைத்தால் வந்து உட்காரும், காப்பித் தோட்டத்தில் இந்த ஊர் மரங்களையே நிழலுக்கு விட்டால் இன்னும் நிறையப் பறவை வரும். உன் கம்பெனி நிஜமாகவே ஏதாவது செய்ய நினைத்தால், கன்று வேண்டாம், களை எடுக்கும் பெண்களின் ஒரு வருஷக் கூலியைக் கொடுக்கச் சொல். படத்துக்கு அழகாக இருக்காது, ஆனால் மரம் பிழைக்கும்.

உன் சிநேகிதன் இங்கே இடம் வாங்கி ஹோம்ஸ்டே கட்டப்போகிறான் என்றும், அத்தை நல்ல இடமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கடைசியில் பொடி எழுத்தில் ஒட்டவைத்திருக்கிறாய். முன்பக்கத்தில் ஜனங்களைக் காலி செய்துவிட்டுப் பின்பக்கத்தில் ரூம் போடுகிறாயே, சாமி! ஆற்றங்கரைதான் அவனுக்கு வேண்டுமாம். யானைக்கும் அதே ஆற்றங்கரைதான் வேண்டும். ராத்திரி பளிச்சென்று விளக்கும் பாட்டும் தீமூட்டலும் வைத்தால் கூட்டம் வழி மாறி, விளக்கில்லாத லைன் வீட்டுப் பக்கம் திரும்பும். உன் சிநேகிதனின் விருந்தாளி பத்திரமாக மாடியில் நின்று படம் எடுப்பான். இடம் பார்த்துத் தர மாட்டேன். இங்கே ஏற்கெனவே நடத்துகிற உள்ளூர்க்காரர்கள் வீடுகள் இருக்கின்றன, அங்கே வந்து தங்கச் சொல்.

ஆக, யார் இறங்க வேண்டும் என்ற உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் என்ன கேட்கிறேன் என்று சொல்கிறேன். ஆற்றோரத்தில் ஒரு இருபது மீட்டராவது தேயிலையும் கட்டடமும் இல்லாமல் காட்டு மரத்துக்கு விட வேண்டும், யானை அதில் நடக்கட்டும். எச்சரிக்கைச் செய்தி இந்தியிலும், வந்திருப்பவர்கள் பேசுகிற மற்றப் பாஷைகளிலும் போக வேண்டும். ஓய்வு பெறுகிற தொழிலாளிக்கு ஒரு வீடு, மேலே முடியாதென்றால் கீழே, ஆனால் கையில் பத்திரத்தோடு. காடர்கள் எந்த மேட்டில் இருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். காட்டுத் துண்டில் நட்டதைக் காக்க நிரந்தரமாக ஆட்களைப் போட வேண்டும், அந்த வேலைக்கு ஓய்வு பெற்ற தொழிலாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதில் எதுவும் நடக்காத காரியமில்லை. யானைக்கு விளக்குப் போட்ட ஊர் இது, அதுவும் ஒரு காலத்தில் நடக்காத காரியமாகத்தான் தெரிந்தது. கம்பெனிகள் சம்மதிக்குமா என்பாய். நிலத்தைக் காட்டு மரத்துக்கு விட்டுக் கொடுத்த கம்பெனிகள் இங்கேயே இருக்கின்றன. மற்றதற்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்கழி லீவுக்கு வருகிறாய் அல்லவா, வா. இ-பாஸ் எடுத்துக்கொள். பைக்கில் வராதே, பொள்ளாச்சியிலிருந்து அரசு பஸ் ஏறு. அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஜன்னலோரம் உட்கார்ந்தால் நீ பைக்கில் பார்க்காமல் விட்டதெல்லாம் தெரியும். வழியில் கவர்க்கல் பக்கம் பனி இறங்கினால் எதிரே வருவது பஸ்ஸா யானையா என்று தெரியாது, அதனால் இருட்டுவதற்குள் வந்து சேருகிற பஸ்ஸாகப் பார். உங்கம்மாவிடம் சொல்லி நல்ல தேங்காய் பத்து வாங்கி வா. பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் வேண்டாம். வந்த மறுநாள் உன்னை நாற்றங்காலுக்கு அழைத்துப் போகிறேன், வெடிப்பலாவையும் சில்வர் ஓக்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகு திரும்ப எனக்கு இரண்டு பக்கம் எழுது, படிக்கிறேன்.

இப்படிக்கு
உன் அத்தை,
வால்பாறை